பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறும் இதழ்: மாதம் எத்தனை ஜிபி பேண்ட்வித் தேவை?

#1 இதழ்க்கூடம்

வணக்கம். மாத இலக்கிய இதழ் ஒன்று பிளாக்கரில் சொந்த டொமைனோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வேர்ட்பிரஸுக்கு மாற்ற வேண்டும். ஹோஸ்டிங் திட்டங்களைப் பார்த்தால் ஒன்றில் 100 ஜிபி, இன்னொன்றில் 1 டிபி, மற்றொன்றில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

கையில் இருக்கும் எண்கள் இவை. பிளாக்கர் புள்ளிவிவரம் மாதம் 90,000 பார்வை காட்டுகிறது. கூகுள் அனலிட்டிக்ஸோ 38,000 பக்கப் பார்வை, 21,000 வருகை என்கிறது. ஒரு பதிவில் மூன்று முதல் ஐந்து படங்கள். இதழின் பிடிஎஃப் 22 எம்பி. இப்போது கூகுள் டிரைவில் இருக்கிறது, மாதம் 1,500 பேர் இறக்குகிறார்கள். இனி வாரம் ஒரு ஒலிப்பதிவும் போடத் திட்டம்: 35 நிமிடம், ஒவ்வொன்றையும் 900 பேராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பிடிஎஃப், ஒலி எல்லாமே எங்கள் தளத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஆசிரியர் குழுவின் விருப்பம்.

#2 கர்னல்64

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் 'பேண்ட்வித் 100 ஜிபி' என்று எழுதியிருப்பது வேகம் அல்ல, மாதம் முழுக்க வெளியே போகும் மொத்த டேட்டா. வேகம் என்பது சர்வரின் இணைப்பு எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) என்பது. 1 எம்பிபிஎஸ் இணைப்பு முப்பது நாளும் நிற்காமல் நிறைந்து ஓடினால் 324 ஜிபி போகும். அப்படிப் பார்த்தால் 1 டிபி என்பது சராசரி 3 எம்பிபிஎஸ்தான். உங்கள் வாசகர்கள் சராசரியாக வரப்போவதில்லை, இதழ் வெளியாகும் நாளில் மொத்தமாக வருவார்கள். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

பிளாக்கர் காட்டும் 90,000-ஐ மறந்துவிடுங்கள். அதில் பாட்களின் (தளங்களைத் தானாகச் சுற்றிவரும் நிரல்கள்) வருகையும் கலந்திருக்கிறது, எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அனலிட்டிக்ஸ் எண்ணை எடுத்து, விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களுக்காக 20 சதவீதம் கூட்டுங்கள். 46,000 பார்வை, 25,000 வருகை.

அடுத்தது பக்க எடை. இதைப் பிளாக்கர் தளத்தில் அளக்கக் கூடாது. அங்கே படங்கள் கூகுளின் சர்வரிலிருந்து வருகின்றன. எந்தத் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) போடப் போகிறீர்களோ அதை ஒரு சோதனை டொமைனில் நிறுவி, உண்மையான பதிவுகள் ஐந்தாறு ஏற்றி அங்கே அளக்க வேண்டும். குரோமில் எஃப்12, நெட்வொர்க் தாவல், 'டிசேபிள் கேஷ்' டிக் (கேஷ் என்பது முன்பே இறக்கிச் சேமித்து வைத்த நகல்). பக்கத்தைத் திறந்து அடிவரை உருட்டுங்கள். 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5-லிருந்து படங்கள் கண்ணுக்குத் தெரியும்போதுதான் இறங்கும். உருட்டாமல் பார்த்தால் எடை குறைவாகத் தெரியும். வடிகட்டியில் உங்கள் டொமைனை மட்டும் கொடுங்கள். யூடியூப், கூகுள் எழுத்துரு, விளம்பரம் எதுவும் உங்கள் ஹோஸ்டின் கணக்கில் வராது. கீழே வரும் எண்களில் 'டிரான்ஸ்ஃபர்டு' என்பதை எடுக்க வேண்டும். 'ரிசோர்ஸஸ்' என்பது சுருக்கத்தைப் பிரித்த பிறகான அளவு.

பிறகு டிக்கை எடுத்துவிட்டு அதே தளத்தில் இன்னொரு பதிவைத் திறங்கள். ஸ்டைல் கோப்பு, ஸ்கிரிப்ட், லோகோ எல்லாம் கேஷிலிருந்து வரும். இந்த இரண்டாவது எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

#3 இதழ்க்கூடம்

நன்றி. சோதனைத் தளத்தில் அளந்தோம். முதல் பக்கம் சராசரி 1.6 எம்பி, அடுத்தடுத்த பக்கம் 0.7 எம்பி. தமிழ் எழுத்துகள் அதிக இடம் பிடிக்கும் என்கிறார்களே, நீண்ட கட்டுரைகளால் எடை கூடுமா?

#4 பிட்டும்பைட்டும்

தமிழ் எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'கி' என்றால் க-வுக்கு 3, இகரக் குறிக்கு 3, ஆக 6 பைட். 1,500 சொல் கட்டுரை 40 கேபி சுற்றளவில் வரும். ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டு மதிப்புகளுக்குள் அடங்கிவிடும். அதனால் ஜிசிப் என்ற சுருக்கமுறை அதை நன்றாகவே சுருக்கிவிடும், பத்துப் பன்னிரண்டு கேபிதான் கம்பியில் போகும். ஒரே ஒரு படம் இதைப் போலப் பத்து மடங்கு. சர்வரில் ஜிசிப் அல்லது பிராட்லி இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்: நெட்வொர்க் தாவலில் பக்கத்தைச் சொடுக்கி, பதில் தலைப்புகளில் 'கன்டென்ட்-என்கோடிங்' வரி இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் எண்களைப் போடுவோம்.

பக்கங்கள்: 25,000 வருகையின் முதல் பக்கம் 1.6 எம்பி வீதம் 40 ஜிபி. மீதி 21,000 பார்வை 0.7 எம்பி வீதம் 15 ஜிபி. மொத்தம் 55.

பிடிஎஃப்: 1,500 × 22 எம்பி = 33 ஜிபி. பழைய இதழ்களைத் தேடுபொறிகளும் மற்ற பாட்களும் இறக்கும், அதற்கு 30 சதவீதம் சேர்த்தால் 43.

ஒலி: 128 கேபிபிஎஸ் எம்பி3 நொடிக்கு 16 கேபி. 35 நிமிடத்துக்கு 33.6 எம்பி. நான்கு வாரம் × 900 பேர் × 33.6 = 121 ஜிபி.

கூட்டினால் 219 ஜிபி. எல்லாரும் பக்கப் பார்வையை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். ஆனால் இங்கே பக்கங்கள் கால்பங்குதான், மீதி மொத்தமும் ஐந்தே ஐந்து கோப்புகள். உங்கள் உழைப்பை அந்த ஐந்தின் மேல் செலுத்துங்கள்.

#5 ஒலிப்பேழை

ஒலிக் கணக்கில் இரண்டு விஷயம் சேர்க்கணும்.

பேச்சுதானே, 128 ஸ்டீரியோ எதுக்குங்க? 64 கேபிபிஎஸ் மோனோ தாராளமா போதும். மோனோவா மாத்தினா பாதி பிட்ரேட்டுல அதே தரம் கிடைக்கும், ஏன்னா ரெண்டு சேனலுக்குப் பிரிச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. 33.6 எம்பி 16.8 ஆகும், 121 ஜிபி 60 ஆகும். பின்னணி இசை நிறைய இருந்தா 96 மோனோ வைங்க. ஓபஸ் இன்னும் சின்னதா வரும், ஆனா பாட்காஸ்ட் ஆப் எல்லாத்துலயும் ஓடுற மாதிரி இருக்கணும்னா எம்பி3-யே பாதுகாப்பு.

ரெண்டாவது, '900 பேர் கேட்பாங்க'ங்கிறதும் '900 முறை இறங்கும்'ங்கிறதும் ஒண்ணு இல்ல. பாட்காஸ்ட் ஆப்ல சந்தா வெச்சவங்களுக்கு அது தானா இறங்கிடும், கேட்டாலும் கேட்காட்டியும் முழு கோப்பும் உங்க கணக்குலதான். அதே சமயம் தளத்துல வந்து கேட்குறவங்க பாதியில நிறுத்துவாங்க, அப்ப பாதிதான் போகும். ரெண்டும் ஓரளவு சமன் ஆகும்னு வெச்சுக்கலாம்.

முக்கியமா, ஆடியோ பிளேயர்ல 'பிரீலோட்' எப்படி இருக்குன்னு பாருங்க. 'ஆட்டோ'ன்னு இருந்தா யாரும் பிளே அழுத்தாமலே பிரவுசர் கோப்பை இழுக்க ஆரம்பிச்சுடும். முகப்புல நாலு பிளேயர் வெச்சா வர்ற எல்லாருக்கும் நாலும் இறங்கத் தொடங்கும். 'நன்' இல்லன்னா 'மெட்டாடேட்டா' போடுங்க.

#6 நெய்தல்வழி

இவ்வளவு கணக்கு தேவையா? 'அன்லிமிடெட்' ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்வது) ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஜிபி கேள்வியே எழாது.

#7 கர்னல்64

ஜிபி கேள்வி எழாது, வேறு கேள்விகள் எழும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, நினைவகம், டிஸ்க் வேகம், ஒரே நேரத்தில் ஓடும் என்ட்ரி பிராசஸ் (பக்கம் தயாரிக்கும் வேலைகள்) என்று தனித்தனி வரம்பு உண்டு. டேட்டா அன்லிமிடெட் என்று சொல்ல அவர்களால் முடிவதே இந்த வரம்புகள் முன்னால் நிற்பதால்தான். சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பலகம்) மாத டேட்டா தீர்ந்தால் 509 பிழை, இந்த வரம்பைத் தொட்டால் 508. வாசகருக்கு இரண்டுமே திறக்காத தளம்தான்.

இதோடு பயன்பாட்டு விதிகளையும் படியுங்கள். ஷேர்டு திட்டங்கள் பலவற்றில் தளத்தைக் கோப்புக் கிடங்காகவோ ஒலி, காணொளி வழங்கியாகவோ பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். இவர்களுடைய 219 ஜிபியில் 164 ஜிபி பிடிஎஃபும் ஒலியும். அந்த விதி நேராக இவர்கள் மேல் விழும். வாங்கும் முன் ஹோஸ்டின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்: 'மாதம் 60 ஜிபி எம்பி3, 40 ஜிபி பிடிஎஃப் போகும், சம்மதமா? என்ட்ரி பிராசஸ் வரம்பு எத்தனை?' பதில் எழுத்தில் வரட்டும்.

#8 பிட்டும்பைட்டும்

வெளியீட்டு நாளையும் கணக்கிடுவோம். வாட்ஸாப் குழுக்களில் இணைப்பு போனதும் பத்து நிமிடத்தில் 600 பேர் திறக்கிறார்கள், அதில் 200 பேர் பிடிஎஃப் இறக்குகிறார்கள் என்று வையுங்கள். 600 × 1.6 = 960 எம்பி. 200 × 22 = 4,400 எம்பி. 5.4 ஜிபியை 600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 9 மெகாபைட், அதாவது 71 எம்பிபிஎஸ். இது பத்து நிமிடச் சராசரி. உச்சத்தில் இரண்டு மடங்காவது போகும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு அந்த நேரத்தில் திணறும். பிடிஎஃப் 7 எம்பியாகவும் பக்கம் 0.8 எம்பியாகவும் ஆனால் இதே கூட்டத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும்.

இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ண ஒரு 'டவுன்லோட்' பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணைநிரல்) போடுவார்கள். அவற்றில் சில, கோப்பை நேராகக் கொடுக்காமல் பிஎச்பி (வேர்ட்பிரஸை இயக்கும் நிரல்மொழி) வழியாகப் படித்து அனுப்பும். 22 எம்பியை 2 எம்பிபிஎஸ் கைப்பேசி இணைப்பில் இறக்க 88 நொடி ஆகும். அந்த 88 நொடியும் ஒரு பிஎச்பி பிராசஸ் அந்த ஒரு ஆளுக்காகவே நிற்கும். வரம்பு 20 என்றால் இருபது பேர் பிடிஎஃப் இறக்கத் தொடங்கியதும் இருபத்தோராவது ஆளுக்குக் கட்டுரைகூடத் திறக்காது, 508 வரும். கணக்கில் பார்த்தால் மாத ஜிபி ஏராளமாக மீதி இருக்கும், சிபியுவும் சும்மா இருக்கும், அதனால் காரணமே பிடிபடாது. கோப்புக்கு நேர் இணைப்பு கொடுங்கள். அப்போது அப்பாச்சி, லைட்ஸ்பீடு போன்ற சர்வர் மென்பொருளே அதை நிலையான கோப்பாக அனுப்பும், பிஎச்பி தொடாது. எண்ணிக்கையை சர்வரின் லாக்கிலிருந்து (கோரிக்கைப் பதிவேடு) எடுத்துக்கொள்ளலாம்.

#9 இதழ்க்கூடம்

நாங்கள் போட நினைத்ததே அப்படிப்பட்ட பிளகின்தான். எடுத்துவிடுகிறோம். பிடிஎஃபையும் படங்களையும் எப்படிக் குறைப்பது? வடிவமைப்பாளர் தரம் குறையும் என்று தயங்குகிறார்.

#10 ஒலிப்பேழை

அச்சுக்குப் போற கோப்பும் திரையில படிக்கிற கோப்பும் வேற வேறயா இருக்கணும்னு அவருக்குச் சொல்லுங்க. அச்சுக் கோப்புல படம் 300 டிபிஐ இருக்கும். திரைக்கு 150 போதும். வடிவமைப்பு மென்பொருள்லயே ஏற்றுமதி பண்றப்ப படத் தெளிவை 150-ன்னு வெச்சு இன்னொரு பிடிஎஃப் எடுக்கச் சொல்லுங்க. அட்டையும் ஓவியங்களும் இருக்குற இதழ் 22-லேர்ந்து 7 எம்பிக்கு வர்றது சாதாரணம். எழுத்துகள் கோட்டு வடிவமாவே இருக்கும், எவ்வளவு பெரிசாக்கினாலும் மங்காது. பக்கத்தையே படமா மாத்துற கருவி மட்டும் வேண்டாம். எடையும் ஏறும், தேடவும் முடியாது. குறைச்சதும் கோப்பைத் திறந்து ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பாருங்க, கொம்பு, கால் எல்லாம் இடம் மாறாம கிடைக்குதான்னு.

படத்துக்கு: கேமராவுலேர்ந்து வந்த 4 எம்பி படத்தை அப்படியே ஏத்தாதீங்க. 1,200 பிக்சல் அகலம், ஜேபெக் தரம் 75 முதல் 80, அவ்வளவுதான். 150 கேபிக்குள்ள வந்துடும். வெப்பிங்கிற பட வடிவத்தை 2021-இல் வந்த 5.8-லேர்ந்து வேர்ட்பிரஸே ஏத்துக்குது. வேர்ட்பிரஸ் தானா பல அளவுல நகல் எடுக்கும், ஆனா சில தீம் முகப்புச் சிறுபடத்துக்கும் முழு அளவுப் படத்தையே கூப்பிடும். நெட்வொர்க் தாவல்ல அளவு வாரியா அடுக்கினா அது முதல் வரியிலயே மாட்டிக்கும்.

#11 கர்னல்64

பிளாக்கரிலிருந்து இறக்குமதி செய்யும்போது இதையும் கவனியுங்கள். பதிவுகள் வேர்ட்பிரஸுக்கு வந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் படங்களின் முகவரி பல நேரம் கூகுள் சர்வரையே சுட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பக்க எடையை அளந்தால் பழைய பதிவுகள் இறகு போலத் தெரியும். பின்னால் படங்களையும் சொந்த சர்வருக்கு இழுத்ததும் கணக்கு மாறிவிடும். படம் இழுக்கும் வேலையை முடித்துவிட்டே அளங்கள். இழுக்கும்போது முகவரியில் 's320' என்று இருந்தால் 320 பிக்சல் நகல்தான் வரும். 's1600' என்று மாற்றினால் பெரிய படம் கிடைக்கும்.

பேக்கப்பையும் யாரும் சேர்க்கவில்லை. படம், பிடிஎஃப், ஒலி எல்லாம் சேர்ந்து தளம் 6 ஜிபி என்றால், பிளகின் ஒன்று தினமும் முழு நகல் எடுத்து கூகுள் டிரைவுக்கு அனுப்பினால் மாதம் 180 ஜிபி வெளியே போகும். எடை குறைத்த பிறகு வாசகர்களுக்குப் போவதை விட இது அதிகம். தரவுத்தளத்தை மட்டும் தினமும், கோப்புகளை வாரம் ஒருமுறை அனுப்புங்கள். சிபேனலில் எஃப்டிபி (கோப்பு ஏற்றி இறக்கும் வழி), மின்னஞ்சல் போக்குவரத்தும் அதே டேட்டாவில் கழிகிறது. படைப்பாளிகள் 15 எம்பி இணைப்போடு அனுப்பும் மின்னஞ்சலை ஆசிரியர் குழுவில் ஐந்து பேர் தனித்தனியாக இறக்கினால் அதுவும் சேரும்.

#12 நெய்தல்வழி

சரி, அன்லிமிடெட்டை விட்டுவிடுவோம். விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுத்தால் டேட்டா எப்படிக் கழியும்? எல்லா இடத்திலும் ஒரே விலையா?

#13 பிட்டும்பைட்டும்

பெரிய வித்தியாசம் இருக்கிறது. டிஜிட்டல்ஓஷனில் 6 டாலர் சர்வரோடு மாதம் 1,000 ஜிபி சேர்ந்தே வருகிறது, பெங்களூரிலும் அப்படித்தான். வெளியே போவது மட்டும் கணக்கு. மீறினால் ஜிபிக்கு ஒரு சென்ட். அமேசானின் ஈசி2-வில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் மும்பையிலிருந்து வெளியே போகும் ஜிபிக்கு 0.1093 டாலர். 500 ஜிபி போனால் டேட்டாவுக்கு மட்டும் 44 டாலர் வரும், சர்வர் வாடகை தனி. அமேசானின் லைட்செயில் திட்டத்தில் டேட்டா சேர்ந்தே வரும், ஆனால் மும்பையிலும் சிட்னியிலும் மற்ற இடங்களுக்குக் கொடுப்பதில் பாதிதான். மேலும் அங்கே உள்ளே வருவதும் வெளியே போவதும் இரண்டும் ஒதுக்கீட்டில் கழியும். விலைகள் மாறக்கூடியவை, வாங்கும் அன்று விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விபிஎஸ் என்றால் பாதுகாப்புத் திருத்தங்களை நீங்களே போட வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அதற்குப் போகாதீர்கள்.

#14 ஒலிப்பேழை

கிளவுட்ஃபிளேரை (தளத்தோட கோப்பு நகலைத் தன் சர்வர்லேர்ந்து கொடுக்குற சேவை) முன்னாடி வெச்சா படமும் ஸ்டைலும் அங்கேர்ந்தே போயிடும், ஹோஸ்ட் கணக்கு நல்லா குறையும். பிடிஎஃபும் இயல்பாவே கேஷ் ஆகும். எச்டிஎம்எல் மட்டும் இயல்பா கேஷ் ஆகாது. ஆனா இலவசத் திட்டத்துல காணொளி, பெரிய கோப்புகளை அது வழியா பெருமளவு கொடுக்குறதுக்கு அவங்க விதிகள்ல கட்டுப்பாடு இருக்கு. ஒலிக்கு அவங்களோட ஆர்2 மாதிரி தனிச் சேமிப்பு எடுத்தா வெளியே போற டேட்டாவுக்குக் காசு இல்ல, சேமிப்புக்கும் கோரிக்கைக்கும்தான். உங்க டொமைன்லயே ஒரு துணைப்பெயர் கொடுத்து இணைச்சா ஆசிரியர் குழு கேட்ட மாதிரி 'நம்ம தளம்'ங்கிறதும் நிக்கும். ஆர்க்கைவ்.ஆர்க்ல இலவசமா போடலாம்தான், ஆனா 2024 அக்டோபர்ல தாக்குதலுக்கு அப்புறம் அது சில நாள் முடங்கிக் கிடந்துச்சு. ஒரே பிரதியா அங்க வைக்காதீங்க.

#15 இதழ்க்கூடம்

சொன்னபடி மாற்றி மறுபடி கணக்கிட்டோம். பக்கம் 0.8 மற்றும் 0.35 எம்பி: 27 ஜிபி. பிடிஎஃப் 7 எம்பி: 14 ஜிபி. ஒலி 64 மோனோ: 60 ஜிபி. கூட்டினால் 101. ஒலியை ஆர்2-வுக்குக் கொண்டுபோனால் ஹோஸ்டில் 41 ஜிபிதான். பேக்கப் வாரம் ஒருமுறை 6 ஜிபி, மாதம் 26 வரை. ஆக 67. இதற்கு 100 ஜிபி திட்டம் போதுமா?

#16 கர்னல்64

போதாது. 67 என்பது அமைதியான மாதம். வாசகர் பகுதியான 41-ஐ இரட்டிப்பாக்குங்கள்: ஏதாவது ஒரு கட்டுரை பரவலாகப் பகிரப்படும், பாட்கள் வரும். அகிரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற எஸ்இஓ (தேடுபொறித் தரவரிசை ஆய்வு) பாட்களும் ஏஐ நிறுவனங்களின் பாட்களும் பழைய இதழ்களை வரிசையாக இறக்கும். ரோபாட்ஸ் கோப்பில் (பாட்கள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் கோப்பு) பிடிஎஃப் அடைவைத் தடுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும் பாட்கள் நிற்கும், மற்றவை நிற்காது. 82 + 26 = 108. அதனால் 200 ஜிபிக்குக் குறையாத திட்டம், வரம்பை மீறினால் தளத்தை நிறுத்தாமல் கூடுதல் கட்டணம் வாங்கும் ஹோஸ்ட், ஒப்பந்தம் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும். மூன்றாண்டுச் சலுகை விலைக்கு இப்போது போகாதீர்கள்.

#17 பிட்டும்பைட்டும்

மாறிய பின் எப்படி அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிபேனலில் 'பேண்ட்வித்' பக்கம் எச்டிடிபி, எஃப்டிபி, மின்னஞ்சல் என்று பிரித்தே காட்டும். எந்தக் கோப்பு தின்கிறது என்று அறிய 'ரா ஆக்சஸ்' லாக்கை இறக்குங்கள். வழக்கமான கம்பைண்டு வடிவத்தில், இடைவெளியால் பிரித்தால் ஏழாவது முகவரி, ஒன்பதாவது நிலைக்குறி, பத்தாவது பைட் அளவு. முகவரி வாரியாகப் பத்தாவதைக் கூட்டி இறங்குவரிசையில் அடுக்குங்கள், முதல் இருபது வரியில் கதை தெரிந்துவிடும். பிடிஎஃபுக்கும் ஒலிக்கும் நிலைக்குறி 206 நிறைய வரும். ஒரே ஆள் ஒரே கோப்பைத் துண்டு துண்டாக வாங்குகிறார் என்று பொருள். வரிகளை எண்ணினால் இறக்கங்கள் பல மடங்காகத் தெரியும். பைட்டைக் கூட்டிக் கோப்பின் அளவால் வகுத்தால் உண்மைக்கு அருகில் வரும். சொந்த விபிஎஸ் என்றால் விஎன்ஸ்டாட் என்ற கருவியை நிறுவினால் மாதவாரியாகக் கிடைக்கும், பேக்கப்பும் அதில் சேர்ந்தே இருக்கும்.

முதல் மாத எண்ணை நம்ப வேண்டாம். தளம் மாறியதும் தேடுபொறிகள் எல்லாப் பக்கத்தையும் மறுபடி எடுக்கும். இரண்டாம், மூன்றாம் மாதத்தை வைத்து முடிவெடுங்கள்.

#18 இதழ்க்கூடம்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. பழைய பிளாக்கர் இணைப்புகள் வாட்ஸாப்பிலும் முகநூலிலும் நிறையச் சுற்றுகின்றன. அவை சர்வருக்குச் சுமையா?

#19 கர்னல்64

ஆம், இரண்டு வகையில். பிளாக்கர் முகவரி ஆண்டு, மாதம், தலைப்பு, கடைசியில் '.எச்டிஎம்எல்' என்று இருக்கும். வேர்ட்பிரஸ் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) அமைப்பிலும் அதே வரிசையையும் அதே முடிவையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு பழைய இணைப்பும் 404 ('பக்கம் இல்லை') ஆகும். வேர்ட்பிரஸில் 404 பக்கத்துக்கும் பிஎச்பி முழுதாக ஓட வேண்டும்.

இரண்டாவது, கைப்பேசியில் பிளாக்கர் முகவரியின் வாலில் கேள்விக்குறியும் 'எம்=1'-உம் ஒட்டிக்கொள்ளும். பகிரப்பட்ட இணைப்புகளில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும். கேஷ் பிளகின்கள் பல, கேள்விக்குறி உள்ள முகவரிக்குக் கேஷிலிருந்து கொடுக்காமல் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்கும். முகநூல் ஒட்டும் 'எஃப்பிகிளிட்' வாலுக்கும் இதே கதிதான், ஆனால் அதைப் பல பிளகின்கள் புறக்கணிக்கத் தெரிந்து வைத்திருக்கின்றன; 'எம்=1' அவற்றின் பட்டியலில் இருக்காது. கேஷ் பிளகினின் 'புறக்கணிக்க வேண்டிய குவெரி' பெட்டியில் அதைச் சேருங்கள். அந்த வசதி இல்லையென்றால் எச்டிஆக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பில், வாலை வெட்டிவிட்டு அதே பக்கத்துக்கு 301 (நிரந்தரத் திசைமாற்றம்) அனுப்பும் விதி எழுதுங்கள். முதல் இதழ் வெளியாவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.